கப்பலுக்கு அரப்புத் தேய்த்த சனிக்கிழமை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் நாலாம் வகுப்போடு பலகையைக் கீழே வைத்தவன். அதற்குப் பிறகு என் கை பிடித்ததெல்லாம் எண்ணெய்க் குவளையும் கந்தல் துணியும்தான். ஆகவே எழுத்து கோணலாக இறங்கும். பிழைகளும் தாராளமாக இருக்கும். (வாயால் சொல்லலாமே என்பீர்கள். என் வாய் என் கையெழுத்தைவிட மோசம். அந்தக் கதைதான் இது.)

சொந்த ஊர் மோகனூர். இருபது வயதில் ஆத்தூர் அரிசி மில் ஒன்றில் நீராவி இஞ்சினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே பாய்லர் பார்த்த மேஸ்திரி சென்னைக்குப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போய், ஒரு சரக்குக் கப்பலின் இஞ்சின் அறையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். கல்கத்தா, ரங்கூன், பினாங்கு என்று சுற்றுகிற கப்பல் அது.

என் வேலை அங்கேயும் எண்ணெய் போடுவதுதான். சுழலும் இரும்புத் தண்டைத் தாங்குகிற இடங்களில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். சூடு கூடியிருந்தால் உடனே கத்த வேண்டும். எனக்குக் கை வைக்கத் தெரியும், கத்தத்தான் வராது.

கத்தினாலும் யாருக்குப் புரியும்? ஆட்களில் பெரும்பாலோர் சிட்டகாங்கு பக்கத்துக்காரர்கள். தமிழ் தெரிந்தவர் ஒரே ஒருவர், மூன்றாவது இஞ்சினீயர் வின்சென்ட் துரை. ஈரோட்டு ரயில்வே காலனியில் வளர்ந்த சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். ஆனால் அதிகாரி அல்லவா? என்னைக் கடக்கும்போது, "டேய், எண்ணெய் போடு" என்பார். அவ்வளவுதான். அந்த மூன்று சொல்லைக் கேட்பதற்காகவே அவர் வரும் வழியில் நான் நின்ற நாட்கள் உண்டு. மற்ற நேரத்தில் பம்புகளோடு பேசினேன். அவற்றுக்குக் கொங்குத் தமிழ் புரிந்த மாதிரியே இருந்தது.

இன்னொருவர் கரீம் பாய். பாய்லரில் தண்ணீர் மட்டத்தைக் கண்ணாடிக் குழாயில் பார்த்துக்கொள்கிறவர். எங்கள் இருவருக்கும் பொது மொழி கிடையாது. சாப்பிடும்போது தன் தட்டிலிருந்த மீனில் பாதியை என் தட்டுக்குத் தள்ளுவார். நான் தலையை ஆட்டுவேன். எங்கள் நட்பின் பேச்சு அத்தனையும் இதுதான்.

புறப்படும்போது அம்மா ஒரு புட்டியில் நல்லெண்ணெயும், அந்த எண்ணெய் போகத் தலைக்குத் தேய்க்க ஒரு பெரிய தகரடப்பா நிறைய அரப்புத் தூளும் கொடுத்திருந்தாள். சனிக்கிழமை எண்ணெய் முழுக்குத் தவறினால் எனக்குக் கண் எரியும் என்பது அவள் முடிவு. ஆனால் கப்பலில் நல்ல தண்ணீர் ஆளுக்கு ஒரு வாளிதான். மூன்று சனிக்கிழமைகள் டப்பாவைத் திறந்து மோந்துவிட்டு மூடிவைத்தேன்.

நாலாவது சனிக்கிழமைதான் அந்தத் தொட்டி என் கண்ணில் பட்டது. பம்புகளுக்குப் பின்னால், நெஞ்சு உயரத்தில் ஓர் இரும்புத் தொட்டி. உள்ளே தெளிந்த வெந்நீர். ஆத்தூர் மில்லிலும் இஞ்சினிலிருந்து இப்படி வெந்நீர் வந்து வாய்க்காலில் வீணாக ஓடும். சனிக்கிழமையானால் மில் ஆட்கள் அத்தனை பேரும் அதில்தான் குளிப்போம். இதுவும் அதுதானே என்று நினைத்தேன். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்பதற்கு வாய் திறக்க வேண்டுமே!

மத்தியானம் வேலை மாறுகிற சந்தடியில் தலையில் எண்ணெயோடு தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு குவளை வெந்நீர் தலையில் விழுந்ததும் மோகனூர்க் காவிரியே நேரில் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அரப்புத் தேய்த்தேன். அந்த வாசனையில் ஒரு நிமிஷம் நான் கப்பலில் இல்லை.

அப்போது கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தொட்டியின் விளிம்பில் வைத்திருந்த டப்பா குப்புற உள்ளே விழுந்தது. எண்ணெய்ப் புட்டி அதன் பின்னாலேயே போனது. கையை விட்டுத் துழாவினேன். டப்பாவும் புட்டியும் காலியாகக் கிடைத்தன. போனால் போகிறது, ஓடிப்போகிற தண்ணீர்தானே என்று தலையை அரைகுறையாக அலசித் துவட்டிக்கொண்டு மேலே போய்ப் படுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே இஞ்சின் இடித்தது. பெரிய சம்மட்டியால் உள்ளிருந்து அடிப்பது போன்ற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். பாய்லரின் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மேலும் கீழும் குதித்தது. அதில் நுரை, அதுவும் பச்சையாக. பாய்லர் பொங்கி, நீராவியோடு தண்ணீரும் இஞ்சினுக்குள் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இஞ்சின் வெடித்து நடுக்கடலில் எல்லோரையும் தவிக்கவிட்டிருக்கும். வின்சென்ட் துரை இஞ்சினை நிறுத்தினார்.

பெரிய இஞ்சினீயர் இறங்கி வந்தார். நரைத்த தலை, அதிகம் பேசாத வெள்ளைக்காரர். கடல் நீர் கலந்துவிட்டதோ என்று பாய்லர்த் தண்ணீரை ஒரு குவளையில் பிடித்து ஆறவைத்து நாக்கில் வைத்தார். முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. அரப்பை ருசி பார்த்த முதல் வெள்ளைக்காரர் அவராகத்தான் இருக்கும்.

வின்சென்ட் துரை கரீம் பாயைப் பிடித்துக்கொண்டார். தண்ணீருக்குப் பொறுப்பு அவர்தானே. அவர் திட்டிய இந்துஸ்தானியில் எனக்குப் புரிந்தவை மூன்றே சொற்கள்: ரங்கூன், இறக்கிவிடு, புத்தகம். கப்பல்காரனின் புத்தகத்தில் ஒரு கெட்ட வரி விழுந்தால் பிறகு எந்தக் கப்பலும் அவனை ஏற்றாது. கரீம் பாய் மறுத்துக்கூடப் பேசாமல் அந்தக் கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் மேலே போய்க் காலி டப்பாவை எடுத்துவந்து பெரியவரின் காலடியில் வைத்தேன்.

"என்னடா இது?" என்றார் வின்சென்ட் துரை.

"அரப்புங்க."

"அரப்பா?"

"தலைக்குத் தேய்க்கறதுங்க, தொரை. அந்தத் தொட்டிக்குள்ள உழுந்துருச்சுங்க."

"பாய்லருக்கு எண்ணெய் முழுக்காடா போட்டே, பாவி?"

"எண்ணெயும் உழுந்துருச்சுங்க."

பெரியவர் என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், எப்போது, எவ்வளவு, தூள் எது, எண்ணெய் எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வின்சென்ட் துரை தமிழில் மாற்றிக்கொண்டே வந்தார். கடைசியில், "அந்தத் தண்ணி எங்க போவுதுன்னு உனக்கு யாராச்சும் காட்டுனாங்களான்னு கேக்கறாரு" என்றார்.

"இல்லீங்க."

பெரியவர் வின்சென்ட் துரையைப் பார்த்தார். துரையின் காது இரண்டும் சிவந்துவிட்டன.

பாய்லர்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட்டார்கள். அதுவரை கப்பல் நகரவில்லை. எப்போதும் அதிரும் தரை அதிராமல், சுற்றிலும் தண்ணீர் மட்டும் பரந்திருக்க, என் தலைமுடிக்காக ஒரு கப்பல் நடுக்கடலில் நின்றது. அந்த அமைதியில் வின்சென்ட் துரை என்னைக் குழாய் குழாயாகக் கூட்டிப்போய்க் காட்டினார். பாய்லரிலிருந்து இஞ்சின், இஞ்சினிலிருந்து நீராவி குளிர்ந்து தண்ணீராகும் அறை, அங்கிருந்து அந்தத் தொட்டி, தொட்டியிலிருந்து மறுபடி பாய்லர். ஒரு சொட்டும் வீணாவதில்லை. அன்றைக்குத்தான் அவர் என்னோடு மூன்று சொல்லுக்கு மேல் பேசினார்.

கரீம் பாய் என்னிடம் வந்து, என் தலையை இழுத்து மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை தன் வாளித் தண்ணீரையும் கொண்டுவந்து என் தலையில் ஊற்றினார். பினாங்கில் அவர் வேறு கப்பலுக்கு மாறினார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது மறுபடியும் ஆத்தூர் மில்லில்தான் இருக்கிறேன். இஞ்சின் எதற்காக நின்றாலும், "ஏனுங்க, இன்னைக்குச் சனிக்கெழமையா?" என்று யாராவது ஒருவர் குரல் கொடுப்பார். வீட்டில் என் மனைவி பாவாயி அரப்பைக் கையில் தரும்போதெல்லாம், "பாத்துங்க, கப்பலு நின்னுறப் போவுது" என்பாள். பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவர்களிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. துரை கரீம் பாயைத் திட்ட ஆரம்பித்ததும் நான் டப்பாவை எடுக்க ஓடவில்லை. முழுதாகத் திட்டி முடிக்கிற வரைக்கும் கரீம் பாயின் பின்னால் நின்றிருந்தேன். பழி அவரோடு போய்விடும் என்று ஒரு நிமிஷம் நிம்மதிகூடப் பட்டேன். அப்போது எண்ணெய்ப் பிசுக்கோடு கொஞ்சம் அரப்பு என் காதோரத்திலிருந்து வழிந்து தோளில் சொட்டியது. கரீம் பாய் திரும்பி அதைப் பார்த்தார். பார்த்தும் யாரிடமும் காட்டிக்கொடுக்காமல் கண்ணாடிக் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் என் கால் நகர்ந்தது.

இதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதிவிட்டேன்.

பார்த்திப வருஷம், ஐப்பசி மாதம், சனிக்கிழமை காலை. தலையில் எண்ணெய் ஊறிக்கொண்டிருக்கிறது.