நேர்ந்துவிட்ட சேவலும் ஏழு நாள் தண்டனையும்

நாமக்கல்,
சனிக்கிழமை காலை

மரியாதைக்குரிய மச்சான் பொன்னன் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் சின்னுசாமி கும்பிட்டு எழுதுவது. இங்கு நானும் பண்ணைக் கோழிகளும் நலம். தங்கள் தங்கை என்னோடு பேசிப் பன்னிரண்டு நாள் ஆகிறது; மற்றபடி அவளும் நலம்.

மச்சான், நான் செய்தது தப்பு. என் மகள் தமிழினிக்கு நல்ல இடம் அமைய வேண்டுமென்று கருப்பனாருக்கு நேர்ந்துவிட்ட சேவல் வேலி தாண்டி உங்கள் காட்டுக்கு வந்ததும், நீங்கள் அதைப் பிடித்துக் குழம்பு வைத்ததும், அதை நானே உங்கள் ஊட்டில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, "கறி பஞ்சாட்டம் இருக்குதுங்க மச்சான்" என்று சொன்னதும் உண்மை. கை கழுவப் போன இடத்தில், சேவல் காலில் நான் கட்டிய மஞ்சள் கயிறு கிடந்தது. சாமி குத்தத்தில் என்னையும் கூட்டுச் சேர்த்துவிட்டீர்களே என்ற ஆத்திரத்தில் கை ஈரம் காய்வதற்குள் ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன்.

ஏட்டய்யா, "சொந்தத்துக்குள்ள எதுக்குங்க?" என்றார். கேட்டேனா? கோர்ட் வாசலில் மனு எழுதும் சபரிநாதன், "சின்னத் திருட்டுக்குச் சின்னக் கோர்ட்டுங்க, ஒரு அதட்டுப் போட்டு அனுப்பிருவாங்க" என்றான். எனக்கு வேண்டியதும் அந்த அதட்டுதான். அந்த மேஜிஸ்டிரேட் நாற்காலிக்கு மூன்று வருஷம் வரை உள்ளே தள்ள அதிகாரம் உண்டென்று, நீங்கள் கூண்டில் ஏறிய பிறகுதான் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நீங்களோ, "ஆமாங்க, நாந்தான் புடிச்சனுங்க. ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு வெறுஞ்சோறா போடறதுங்க?" என்று ஒப்புக்கொண்டீர்கள். அப்போதாவது எழுந்து, "விட்ருங்கம்மா" என்று சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை. முதல் தப்பு, சேவலின் விலையையும் கொடுத்துவிட்டார் என்று மேஜிஸ்டிரேட் அம்மாதான் இரக்கப்பட்டு, ஜெயிலுக்குப் பதிலாக ஏழு நாள் ஆஸ்பத்திரியைக் கூட்டச் சொல்லி சமுதாய சேவை போட்டார்.

ஊரே ஊசி போட்டுக்கொள்ள வருகிற இடம். நாலாம் நாள், தமிழினியைப் பெண் கேட்டிருக்கும் மாப்பிள்ளையின் அம்மா சர்க்கரை மாத்திரைக்கு வந்து, "ஏனுங்க, நீங்க பொண்ணோட தாய்மாமன்தானுங்களே?" என்றாராம். நீங்கள் விளக்குமாற்றோடு நின்று, "ஆமாங்க, நாந்தான் ஒரு தப்புப் பண்ணீட்டனுங்க. சின்னுசாமி தங்கமான மனுசனுங்க, நம்பிப் பொண்ணெடுங்க" என்றீர்களாம். கேள்விப்பட்டுக் கோழிக் கொட்டகைக்குள் போய் அழுதேன் மச்சான்.

புதன்கிழமை உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்கிறோம். மாமன் வராவிட்டால் மணையில் உட்கார மாட்டேன் என்கிறாள் தமிழினி. பழசை மறந்து அவசியம் வாருங்கள். இனி நம் இருவர் காலும் அந்தக் கோர்ட் படியை மிதிக்க வேண்டாம்.

ஆத்தாயி அக்காவுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
உங்கள் முகத்தில் விழிக்கத் தகுதியில்லாத
சின்னுசாமி

பின்குறிப்பு: இதை நேற்று நேரில் கொடுக்கத்தான் வந்தேன். மன்னிப்புக் கேட்கத் தைரியம் வேண்டுமே என்று வழியில் கொஞ்சம் குடித்தேன். உங்கள் வாசலில் அழுததாகத்தான் எனக்கு ஞாபகம். தெருவே எழுந்து வரும்படி கத்தினேன் என்கிறார் ஏட்டய்யா. இன்று திங்கட்கிழமை, குடித்துக் கலாட்டா செய்த வழக்கில் அதே மேஜிஸ்டிரேட் அம்மா முன் நின்றேன். பெண்ணுக்கு நிச்சயம், தண்டனையைத் தள்ளிப் போடுங்கள் என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வாய் வரவில்லை. நாளை முதல் மூன்று நாள் அதே ஆஸ்பத்திரியில் நான் கூட்ட வேண்டும். ஆகவே புதன்கிழமை நீங்கள் தாய்மாமனாக மட்டும் வந்தால் போதாது மச்சான். அப்பனாகவும் நின்று தட்டு மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.