ஒரே வரியில் இருவர்

மாற்றல் கேட்டு அவர் போட்ட விண்ணப்பம் மறுபடியும் திரும்பி வந்திருந்தது. மறுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். 'கோரிக்கை ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டது' என்று அதில் இருந்தது. நிறைவேறிய கோரிக்கையோடு அவர் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர்ப் பம்பு விற்கும் அந்தக் கம்பெனியில் அவரைப் 'பாலம்' என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் உண்டு. ஆட்களின் விவரம் ஒரு கிளவுடில், சம்பளக் கணக்கு இன்னொரு கிளவுடில். இரண்டும் இணையம் வழியாக வேறு வேறு இடத்தில் வாடகைக்கு எடுத்த சேமிப்புக் கிடங்குகள். ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. நடுவில் நின்று, அங்கே எழுதியதை இங்கேயும் எழுதிவைக்கும் புரோகிராமைக் கட்டியவர் அவர்.

மனைவி அதே கம்பெனியின் வேறொரு கிளைக்குப் பதவி உயர்வில் போனதிலிருந்து வீடு பெரிதாகிவிட்டது. சாயங்காலம் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டு, இருவரும் அவரவர் ஊரில் சமைப்பார்கள். அவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டால் அவர் தன் குழாயை மூடிவிடுவார், இன்னும் கொஞ்சம் தெளிவாகக் கேட்கட்டும் என்று.

அன்று பாலத்துக்குள் இறங்கித் தேடியதில் விஷயம் பிடிபட்டது. ஒரே ஆளின் பெயர் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்றில் இனிஷியல் முன்னால் நிற்கும், மற்றதில் பின்னால். அதனால் அவர் பெயரை நம்பாமல், முகவரியும் போன் எண்ணும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று விதி வைத்திருந்தார். விவரம் முரண்பட்டால், கடைசியாக எழுதியதே செல்லும்.

அவர்களுடையது கூட்டுக் கணக்கு. முகவரியை அவள் மாற்றவே இல்லை. போன் எண்ணாக அவருடையதைக் கொடுத்திருந்தாள். நான் எடுக்காவிட்டாலும் நீங்கள் எடுத்துவிடுவீர்கள் என்பது அவள் நியாயம். சம்பளம் இரண்டும் ஒரே கணக்கில் விழுந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆக, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஆள். அந்த ஆள் அவளுடைய கிளைக்குப் போய்ச் சேர்ந்து மாதக்கணக்கில் ஆகிவிட்டது. திரையில் மட்டும் அவர்கள் ஒரே வரியில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பிரிக்க அவருக்குக் கை வரவில்லை. ஆனால் இரண்டு ஆளானால்தானே ஒருவர் இன்னொருவரிடம் போக முடியும்?

பிரித்தார். பாலம் அடுத்த முறை ஓடியபோது, அவர் சொல்லிக்கொடுத்தபடியே கச்சிதமாகச் சேர்த்துவைத்தது. சரி, பெயரும் ஒத்துப்போக வேண்டும் என்று விதியை இறுக்கினார். கம்பெனியே இரட்டிப்பானது. இனிஷியல் முன்னால் உள்ளவர், பின்னால் உள்ளவர் என்று மேனேஜர் இரண்டாகி, அதில் ஒருவருக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் போய்விட்டது. அது எவர் என்று மேனேஜருக்கே தெரியவில்லை.

"என்ன பாலம், என்னை ரெண்டாக்கிட்டீங்க. வீட்ல தெரிஞ்சா, ஒண்ணையாவது நேரத்துக்கு அனுப்புங்கன்னு கேப்பாங்க."

விதி பழையபடி ஆனது. அரைகுறையாக இணைத்ததுதான் கோளாறு என்று தீர்மானித்த மேனேஜர், வாசல் கதவைத் திறக்கும் அடையாள அட்டைகளையும் பாலத்தோடு சேர்க்கச் சொன்னார். இனி அட்டை அவரவர் கிளையில் மட்டும் திறக்கும்.

பாலம் தங்கள் வரியைத் திறந்து பார்த்தார். ஒரே வரி, ஒரே கிளை. இருவரில் ஒருவர்தான் உள்ளே போக முடியும். அவசரமாகத் தன் கிளையைக் கடைசியாக எழுதிவைத்தார். மறுநாள் காலை அவளிடமிருந்து போன் வந்தது.

"ஏங்க, ஆபீஸ் வாசல்ல மழையில நிக்கிறேன். கதவு திறக்க மாட்டேங்குது. நீங்க எதையாவது கிண்டினீங்களா?"

"இதோ சரி பண்ணிடறேன்மா. குடை இருக்கா?"

"நனைஞ்சதுக்கு அப்புறம் குடை எதுக்கு?"

போனில் மழை கொட்டியது. அவர் ஜன்னலுக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரே மழையில் இருவரும் நனைந்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தபடி, அவள் கிளையைக் கடைசியாக எழுதினார். அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் உடனே போனை வைக்கவில்லை.

"எப்பங்க வருவீங்க?"

"சிஸ்டம் சரியாகட்டும், வந்துடறேன்."

அடுத்த நாள் அவர் ஆபீஸ் கதவு அவருக்குத் திறக்கவில்லை. வாசலில் இருந்த செக்யூரிட்டியிடம் முகவரி, போன் எண், கூட்டுக் கணக்கு என்று முதலிலிருந்து பொறுமையாக விளக்கினார். இந்தக் கோளாறைத் தீர்த்தால்தான் மாற்றலே கேட்க முடியும் என்றும் சொல்லி முடித்தார். செக்யூரிட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன் மேஜைமேல் இருந்த திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இதுல உங்களுக்கு மாற்றல் எப்பவோ ஆயிடுச்சு சார், நீங்கதான் இன்னும் போகாம இங்க நிக்கிறீங்க. பஸ் ஏறி அங்க போய் அட்டையைக் காட்டுங்க, கதவு திறக்கும்."