ஏலகிரிக்கு ஒண்ணு, வல்லக்கோட்டைக்கு அஞ்சு

எண்ணத் தெரிந்த எவனும் ஓட்டெடுப்பு நடத்திவிடலாம் என்று நம்பியவன் நான். எனக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை நன்றாகவே எண்ணத் தெரியும். அந்த ஐந்துக்குள்ளேயே நாற்பது பெண்களின் சுற்றுலாவைக் கெடுத்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட இது கொஞ்சம் கௌரவம்.

அப்போது ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் எனக்கு வேலை. அடையாள அட்டை தொலைத்தவர்களுக்குப் புது அட்டை கொடுப்பேன். கேன்டீன் சாம்பாரில் உப்பில்லை என்று வருபவர்களிடம் வருத்தம் தெரிவிப்பேன். (உப்பு போடும் அதிகாரம் எனக்குக் கிடையாது.) மணிமங்கலத்தில் எங்கள் தெருவில் மட்டும், அந்தக் கம்பெனியே என்னால்தான் ஓடுகிறது என்று அம்மா சொல்லி வைத்திருந்தார். நானும் மறுக்கவில்லை.

வயரிங் லைனில் நாற்பது பயிற்சிப் பெண்கள் இருந்தார்கள். எல்லாம் சங்கரன்கோவில், கோவில்பட்டி, ராஜபாளையம் பக்கத்துப் பிள்ளைகள். கம்பெனி விடுதியில் தங்கி மூன்று ஷிஃப்டில் மாறி மாறி வேலை செய்தார்கள். ஒரே அறையில் இருக்கும் தோழியை விழித்த நிலையில் பார்ப்பதே அவர்களுக்கு அபூர்வம். பயிற்சி சித்திரையோடு முடிகிறது, அதன்பிறகு ஆளுக்கொரு திசையாகப் போய்விடுவார்கள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை லைனை நிறுத்தி, நாற்பது பேரையும் ஒன்றாக எங்காவது அழைத்துப் போக நிர்வாகம் சம்மதித்தது. எங்கே என்று அவர்களிடமே கேட்டுச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

முதலில் வாட்ஸப் குழுவில் கேட்டேன். ஏலகிரி, மாமல்லபுரம், பாண்டிச்சேரி, தண்ணீர் விளையாட்டுப் பூங்கா என்று நாலு இடம் போட்டேன். ஒருவரே எத்தனை இடத்தை வேண்டுமானாலும் தொடலாம் என்று அதில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. நாலு இடத்துக்கும் நாற்பது நாற்பது ஓட்டு விழுந்தது.

"எல்லா இடமும் நல்லாத்தான சார் இருக்கு" என்றாள் மாரிச்செல்வி. சங்கரன்கோவில்காரி. லைனில் வயர் மேல் ட்யூபைச் சூடுகாட்டிச் சுருக்கும் இயந்திரம் அவளுடையது. அதன் பக்கத்தில் நின்றால் நாமும் கொஞ்சம் சுருங்கிவிடுவோம். அந்த நாற்பது பேருக்கும் அவள்தான் வாய்.

ஆளுக்கு ஒரே ஓட்டு என்று திருப்பிக் கேட்டிருந்தால் அன்று சாயங்காலமே கதை முடிந்திருக்கும். ஆனால் ஒரு ஓட்டை வைத்து அவர்களுக்கு அந்த இடம் எவ்வளவு பிடிக்கும் என்று எப்படித் தெரியும்? ஆசையின் ஆழத்தையே அளந்து பார்த்துவிடுவது என்று முடிவுசெய்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் கொடுக்கச் சொல்லி ஒரு படிவம் தயாரித்தேன். கூட்டிப் பார்த்து எது அதிகமோ அதுதான் வெற்றி. எங்கள் கம்பெனியில் மாதாமாதம் லைன் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து ஐந்துக்கு மார்க் போடுவார்கள். அதையெல்லாம் நான்தான் டைப் அடிப்பேன். அதனால் ஐந்து என்றால் பிரமாதம் என்பது என் ரத்தத்தில் ஊறியிருந்தது. அதைப் படிவத்திலும் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அதோடு விட்டேனா? எண் ஐந்து வரை இருக்கிறதே, இடமும் ஐந்தாக இருந்தால் பார்க்க அழகாக இருக்குமே என்று தோன்றியது. ஐந்தாவது இடத்துக்கு யோசித்தபடி ஜன்னல் வழியே பார்த்தேன். வல்லக்கோட்டை வழியாகப் போகும் கம்பெனி பஸ் நின்றிருந்தது. வல்லக்கோட்டை முருகன் கோயில் என்று போட்டுவிட்டேன். அந்தப் பெண்கள் தினமும் போகவரக் கும்பிட்டுக்கொண்டு கடக்கும் கோயில் அது.

கேன்டீன் சுவரில் ஒட்டிய க்யூஆர் கோடை நாற்பது பேரும் ஸ்கேன் செய்தார்கள். முடிவு வந்தது. வல்லக்கோட்டை மற்ற இடங்களை மிதித்துக்கொண்டு முதலில் நின்றது. ஏலகிரி கடைசி. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் கணக்கு பொய் சொல்லுமா என்று நேராக பிளான்ட் ஹெட் அறைக்குப் போய்விட்டேன்.

அவர் நெற்றியில் எப்போதும் மூன்று கோடு விபூதி இருக்கும். தாளைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்கள நாமதான் தப்பா நினைச்சுட்டோம்" என்றார். நான் உட்கார்ந்திருக்கும்போதே தலைமை அலுவலகத்துக்கு ஒரு போன், கோயிலில் அபிஷேகத்துக்குச் சொல்லி ஒரு போன், வீட்டம்மாவுக்கு ஒரு போன்.

அறிவிப்பு ஒட்டிய அரை மணி நேரத்தில் மாரிச்செல்வி என் மேசை முன்னால் நின்றாள்.

"சார், நாங்க அத்தன பேரும் பேசிவச்சு ஏலகிரிக்கு ஒண்ணு போட்டோம்லா. பெறவு எப்படி சார் வல்லக்கோட்டை வந்துச்சு?"

"ஒண்ணு போட்டா எப்படிம்மா வரும்? வல்லக்கோட்டைக்குத்தான் எல்லாரும் அஞ்சு போட்டிருக்கீங்க."

"ஒண்ணுன்னா மொத ரேங்க்குலா சார். அஞ்சு இடத்துக்கு அஞ்சு நம்பர் குடுத்தா பெறவு என்னன்னு நெனைக்க? அந்தக் கோயிலத்தான் தெனமும் பாக்கோமேன்னு கடைசில போட்டோம்."

படிவத்தை எடுத்து மறுபடி படித்தேன்; எந்த எண் உசத்தி என்று அதில் ஒரு வரியும் இல்லை. அவளோ இன்னும் ஒரு சேதி வைத்திருந்தாள். நாற்பது பேரில் ஒருத்திகூட மலையேறிக் குளிர் பார்த்ததில்லையாம். போகும் இடம் ஏலகிரிதான் என்ற நம்பிக்கையில் ஸ்ரீபெரும்புதூர் கடைவீதியில் மொத்தமாகப் பேசி நாற்பது ஸ்வெட்டர் வாங்கிவிட்டார்களாம். வாங்கிய பொருளைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டாராம்.

பிளான்ட் ஹெட்டிடம் உண்மையைச் சொல்ல மூன்று முறை போனேன். முதல் முறை அவர் போனில் யாருக்கோ எங்கள் பெண்களின் பக்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை எனக்கு லட்டு கொடுத்தார். மூன்றாவது முறை வாசலிலேயே திரும்பிவிட்டேன். (லட்டு நன்றாக இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.)

ஞாயிற்றுக்கிழமை காலை விடுதி வாசலில் பஸ் நின்றது. நாற்பது பேரும் மயில் பச்சை நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வரிசையாக இறங்கி வந்தார்கள். சித்திரை வெயில் அப்போதே சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

டிரைவர் ஏழுமலை அண்ணன் என்னைப் பார்த்தார். "இன்னா சார், புள்ளைங்க ஸ்வெட்டர் மாட்டிகினு வருது? மலைக்கா போறோம்? இங்க மலைன்னு நான் ஒருத்தன்தான் கீறேன்."

"எதுக்கும்மா இதப் போட்டீங்க?" என்று மாரிச்செல்வியிடம் கெஞ்சினேன்.

"வாங்கியாச்சுல்லா சார். எங்க ஊர் வெக்கையில இத என்னைக்குப் போட? நாப்பது பேரும் ஒண்ணாப் போடுததுக்கு இன்னைக்கு விட்டா ஏது நாளு?"

பஸ்ஸில் பாட்டுப் போட்டு ஆட ஆரம்பித்தார்கள். முதல் பாட்டின் இரண்டாவது சரணத்தில் கோயில் வந்துவிட்டது.

கோயில் வாசலில் பிளான்ட் ஹெட் பட்டு வேட்டியில் குடும்பத்தோடு காத்திருந்தார். ஸ்வெட்டர்களைப் பார்த்ததும் மறுபடி அவருக்குக் கண் கலங்கியது. "பாருடி, முருகனுக்கு உகந்த மயில் கலராப் பாத்து ஒரே மாதிரி எடுத்திருக்காங்க" என்று மனைவியிடம் காட்டினார். அபிஷேகம் முடிந்தது. சர்க்கரைப் பொங்கல் முடிந்தது. அவர் காரில் ஏறிப் போய்விட்டார். காலை பத்தரை மணிக்கு எங்கள் சுற்றுலா நிறைவடைந்தது.

வேறெங்காவது போகலாம் என்றால் வழியில்லை. இவ்வளவு பக்கத்தில்தானே என்று மதியம் வரைதான் பஸ் கொடுத்திருந்தார்கள். அதன்பிறகு அது மற்ற லைன்களின் இரண்டாவது ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றப் போக வேண்டும். பெண்கள் மண்டப நிழலில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. நான் மாரிச்செல்வியிடம் போய், "மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"இருக்கட்டும் சார். நாங்க எங்க போனாலும் கடைசில விடுதிக்குத்தான வரணும்" என்று சிரித்தாள்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. கோயிலுக்குப் பின்பக்கம் போய் உண்மையிலேயே கொஞ்சம் அழுதேன். அங்கே ஏழுமலை அண்ணன் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒன்று விடாமல் கொட்டினேன்.

"இப்ப இன்னா, புள்ளைங்களுக்குக் குளுரணும், அவ்ளோதானே?" என்றார். "என் மச்சான் ஒரகடத்துல கோல்டு ஸ்டோரேஜ் குடோன்ல சூப்பர்வைசரா கீறான். ஞாயித்துக்கிழம லோடு கம்மி. வா, கேட்டுப் பாக்கலாம்."

மச்சான் முதலில் முடியவே முடியாது என்றார். பஸ் ஜன்னல்களில் தெரிந்த நாற்பது ஸ்வெட்டரைப் பார்த்ததும் பத்துப் பத்துப் பேராக, கொஞ்ச நேரம் மட்டும் என்று இறங்கி வந்தார். பனிமூட்டம் மாதிரிப் புகை வழியும் அந்தக் கதவைத் திறந்தார். உள்ளே கூரை வரை பட்டாணி அட்டைப்பெட்டிகள். ஒரு பக்கம் ஐஸ்கிரீம், ஒரு பக்கம் இறால்.

முதல் பத்துப் பேர் உள்ளே போனதும் ஒரு கூச்சல் கேட்டது. வாயிலிருந்து புகை வருகிறது என்று ஒருத்தி கத்த, எல்லோரும் ஒருவர் முகத்தில் ஒருவர் ஊதிப் பார்த்தார்கள். பல் கிடுகிடுக்கக் கட்டிப்பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள்.

"சார், ஏலகிரி இம்புட்டுக் குளிருமா?" என்றாள் மாரிச்செல்வி. மூக்கு நுனி சிவந்திருந்தது.

"ஏலகிரில இன்னாமா கீது? அங்க ஃபேன் போட்டுகினு தூங்குறான்" என்றார் மச்சான். "இது காஷ்மீரு."

பொறுப்பாளன் என்பதால் நாலு குழுவோடும் நானே உள்ளே போனேன். அங்கிருந்த எல்லோரிலும் ஸ்வெட்டர் இல்லாதவன் நான் ஒருவன்தான். அரைக்கைச் சட்டை வேறு. மறுநாள் தும்மிக்கொண்டே ஆபீஸ் போனேன். அபிஷேகத் தண்ணீர் பட்டதா என்று பிளான்ட் ஹெட் பரிவாக விசாரித்தார். ஆமாம் சார் என்றேன். மாரிச்செல்வியின் அம்மா மட்டும் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏலகிரில எதுக்குட்டீ இவ்ளோ பட்டாணி?" என்று போனில் கேட்டாராம்.

இதையெல்லாம் வீட்டில் அக்காவிடம் ரகசியமாகச் சொன்னேன். அது நான் செய்த அடுத்த தப்பு. ஒரு வருடம் கழித்துக் குன்றத்தூரில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் உள்ளே போனதும், எத்தனை மார்க் என்று அக்கா கண்ணாலேயே கேட்டாள். நான் சந்தோஷமாக ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். அம்மா முகம் வாடிவிட்டது.

"இன்னாடா அஞ்சு? புடிச்ச அஞ்சா, வல்லக்கோட்டை அஞ்சா?"

மெதுவாகப் பேசுவதாக நினைத்துத்தான் அம்மா கேட்டார். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெண்ணின் அப்பா வல்லக்கோட்டைக்கு மாதாமாதம் கிருத்திகைக்குப் போகிறவர். அந்தக் கோயிலுக்கு என்ன குறை என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கேசரி ஆற ஆற முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. உள் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து, "நான் ஒண்ணு போடறேன்னு சொல்லுங்க" என்று ஒரு குரல் வந்தது. கதவின் இந்தப் பக்கம் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து அது நல்ல ஒன்றா கெட்ட ஒன்றா என்று விவாதித்தார்கள்.

கல்யாணத்தை எங்கே வைப்பது என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. மாமனாரே முடிவுசெய்தார். வல்லக்கோட்டை முருகன் கோயில், மறுபடியும் ஒரு சித்திரை. தாலி கட்டி நிமிர்ந்தபோது கூட்டத்துக்குப் பின்னால் மயில் பச்சையாக ஏதோ தெரிந்தது. சங்கரன்கோவிலிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து மாரிச்செல்வி வந்திருந்தாள். கூட இன்னும் ஆறு பேர், ஒவ்வொருத்தி ஒவ்வொரு ஊரிலிருந்து. ஏழு பேரும் அதே ஸ்வெட்டரில், நெற்றியில் வியர்வை வழிய நின்றிருந்தார்கள்.

"வல்லக்கோட்டைக்கு இதுதான சார் யூனிஃபார்ம்" என்றாள்.

அன்று மேடையில் நான் அழுததை ஓமப் புகையால் என்று சமாளித்தேன். இப்போது எங்கள் மகளுக்கு நாலு வயது. கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் அந்த ஏழு ஸ்வெட்டர் படத்தில் விரலை வைத்து, நம்ம கல்யாணம் குளிர்காலத்துலயா நடந்துச்சு என்று கேட்பாள். (அவளும் வந்திருந்ததாகவே அவள் நினைப்பு.)

"சித்திரை மாசம்டி" என்பாள் என் மனைவி. "உங்கப்பா ஓட்டு எண்ணுனாரு. அதான் குளுந்துச்சு."