மாப்பிள்ளை, எங்கள் தெருவுக்கு எதுவும் கேட்காதீர்கள்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும், முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட உங்கள் அத்தையும், வாசலில் உள்ள பள்ளமும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் உங்கள் கட்சியும் நலம்தானே? போனில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுகிறேனே என்று கோபிக்க வேண்டாம். போன் செய்தால் உங்கள் உதவியாளர் எடுத்து, "தலைவர் உண்ணாவிரதத்துல இருக்காருங்க, சாப்பிட்டு முடிச்சதும் கூப்பிடச் சொல்றேன்" என்கிறார். தப்பித்தவறி நீங்களே எடுத்தாலும், நான் வாயைத் திறக்கும் முன்பே, "கவலைப்படாதீங்க மாமா, உங்க தெருப் பிரச்சினையை நாளைக்கே மன்றத்துல எழுப்புறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதைத்தான் வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்கிறேன். தூங்குகிற பிரச்சினையை எழுப்பாதீர்கள்.

நீங்கள் நல்லவர். மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வருகிறேன். ஆனால் என்ன செய்வது, நீங்கள் எதிர்க்கட்சி. எங்கள் தெருவுக்குச் சாலை கேட்டு நீங்கள் முழங்கிய மறுநாள், டேப்பும் சுண்ணாம்புமாக அளக்க வந்திருந்த பொறியாளர், ஒரு போன் வந்ததும் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பக்கத்துத் தெரு, அதற்கடுத்த தெரு, ஆளே குடியில்லாத குடோன் சந்து எல்லாவற்றுக்கும் தார் போட்டார்கள். எங்கள் தெருமுனைத் தையற்கடை வரை வந்த தார், அங்கேயே கத்தரித்த மாதிரி நின்றுவிட்டது. ரோடு ரோலர் ஓட்டுகிறவர் எனக்குப் பழக்கம். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய நான் பாதி வாழ்நாளை அவர் வண்டிக்குப் பின்னால்தானே கழித்தேன்! "என்ன தம்பி, இங்கயே நிறுத்திட்டே?" என்று கேட்டேன். "உங்க வாசலுக்குப் போட்டா, 'நான் கேட்டேன், போட்டாங்க'ன்னு உங்க மருமகன் போஸ்டர் அடிப்பாராம்ணே. அதான் மேலேருந்து வேணாம்னுட்டாங்க" என்றார்.

அதோடு விட்டீர்களா? தெருவிளக்கு கேட்டீர்கள், எரிந்துகொண்டிருந்த ஒன்றையும் பழுது பார்க்கக் கழற்றிக்கொண்டு போனார்கள். குப்பை வண்டி தினமும் வர வேண்டும் என்றீர்கள். எப்போதாவது வந்ததும் இப்போது முனையிலேயே மணியடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. வடிகால் கேட்டீர்கள், ஒரே ஒரு சிமெண்ட் குழாயைக் கொண்டுவந்து பள்ளத்தின் ஓரத்தில் உருட்டிவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். போன வாரம் மாடி வீட்டுக்காரர் தலைமையில் தெருவே திரண்டு வந்து என் கூடத்தில் உட்கார்ந்தது. "உங்க மாப்பிள்ளை எங்களுக்காகப் பேசறது பெரிய மனசுங்க. கொஞ்ச நாளைக்கு வேற தெருவுக்காகப் பேசச் சொல்லுங்களேன்" என்றார் அவர். நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது?

இப்போது உங்கள் அத்தை விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் அவளைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். நடக்காவிட்டால் கால் மடங்காமலே போய்விடுமாம். ஆனால் படி இறங்கினால் பள்ளம். ஆட்டோக்காரர் முனையைத் தாண்டி வர மாட்டேன் என்கிறார். போன முறை ஆஸ்பத்திரிக்கு அவளை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேராகத் தூக்கிப் போனோம். அதை உங்கள் கட்சிக்காரர் ஒருவர் படமெடுத்து, "இந்தத் தாயின் கதியைப் பாரீர்!" என்று ஊரெல்லாம் ஒட்டிவிட்டார். தன் கதியைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. தலை வாராதபோது எடுத்துவிட்டார்களே என்றுதான் சாப்பிடாமல் கிடந்தாள். அன்றிலிருந்து வீட்டை விட்டு இறங்க மாட்டேன் என்று ஜன்னலே கதியாக இருக்கிறாள். வாக்கர் மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. அவள் இப்படியே உட்கார்ந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை.

போதாக்குறைக்கு உங்கள் வாத்துப் போராட்டம். பள்ளத்துத் தண்ணீரில் வாத்துகளை நீந்தவிட்டு, கேமராவைப் பார்த்து, "இது சாலையா, குளமா?" என்று கேட்டீர்கள். கேமராக்காரர்கள் போனார்கள், நீங்களும் போனீர்கள், வாத்துகள் மட்டும் போகவில்லை. அவை உங்கள் கட்சி வாத்துகள் என்பதால் விரட்டவும் யாருக்கும் தைரியமில்லை. உங்கள் அத்தை ஜன்னல் வழியாக அவற்றுக்கு ரொட்டி பிய்த்துப் போடுகிறாள். அதில் ஒன்று அந்தச் சிமெண்ட் குழாய்க்குள் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் யார் போனாலும் கத்தும். ஆனால் இடத்தை விட்டு நகராது. அதற்கு அவள் 'தலைவர்' என்று பெயர் வைத்திருக்கிறாள். நான் கண்டித்தேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். எங்கள் தெருவுக்குச் சாலையே கூடாது என்று உடனே ஓர் அறிக்கை விடுங்கள். "என் மாமனார் வாசலுக்கு மக்கள் பணத்தில் தாரா? உயிரைக் கொடுத்தும் தடுப்பேன்!" என்று முழங்குங்கள். மறுநாளே இங்கே தார் கொதிக்கும். வெள்ளோட்டமாக நேற்று டீக்கடையில் ஆளுங்கட்சிக் கவுன்சிலர் காதில் விழும்படி, "எங்க மாப்பிள்ளை இந்தத் தெருவுக்கு ரோடே போட விடமாட்டேன்னுட்டாரு" என்று சொல்லி வைத்தேன். மனிதர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். நீங்களும் கை கொடுத்தால் காரியம் முடிந்தது.

என் மகளுக்கு ஆசிகள். உண்ணாவிரத நாட்களில் வேளாவேளைக்குச் சாப்பிடவும். அடுத்த தேர்தலில் நீங்கள் ஜெயித்து, ஆளுங்கட்சியாகி, எங்கள் தெருவை முறைப்படி மறக்கும் நாள் சீக்கிரம் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
(பள்ளத்துக்கு நேர் எதிர் வீடு)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. டீக்கடைப் பேச்சு பலித்து, இன்று காலை ஜல்லி லாரியும் ரோலரும் வாசலில் வந்து நின்றன. நான் சந்தோஷத்தில் சட்டைகூடப் போடாமல் ஓடினேன். போய்ப் பார்த்தால் எனக்கு முன்னால் உங்கள் அத்தை! வாக்கரை ஊன்றி, தானே படி இறங்கி, பள்ளத்தைச் சுற்றி நடந்து, ரோலருக்கு நேரே போய் நிற்கிறாள். "தலைவர் முட்டை போட்டு அடைகாத்துட்டிருக்கு. என்னைத் தாண்டி ஏத்திடுவியா நீ?" என்கிறாள். தலைவர் என்ற பெயரில் இந்தத் தெருவில் நடந்த முதல் உருப்படியான காரியம் இதுதான். ரோலர்காரர் இறங்கிக் கும்பிட்டுவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். அதற்குப் பிறகும் இரண்டு தடவை என் கையைப் பிடிக்காமல் போய் முட்டையைப் பார்த்துவிட்டு வந்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். "அழுவாதீங்க. ரோடு போட்டு வாத்தெல்லாம் போயிட்டா, நான் யாரைப் பாக்க நடந்து போவேங்க?" என்று கேட்கிறாள்.

எனவே மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள். மாடி வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிய வேண்டாம். நாளைக்கே மன்றத்தில் எழுந்து நின்று, எங்கள் தெருவுக்குச் சாலை வேண்டும் என்று தொண்டை கிழியக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் போதும், மாப்பிள்ளை. வராது.