மைனஸ் ஒரு குடும்பம்

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நான் இங்கே நலமாக இருப்பதாக அம்மா சொல்லியிருப்பாள். அவளிடம் நான் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தை அம்மா கண்ணில் காட்டிவிடாதீர்கள். போனில் சொல்ல வழியில்லை. எங்கள் மார்மன் சபையின் விதிப்படி, வீடு வீடாக ஊழியத்துக்குப் போகும் இரண்டு பேரும் எந்நேரமும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தனிமை கிடைப்பது குளியலறையில் மட்டும். அங்கே சிக்னல் இல்லை. இன்று துணி துவைக்கவும் கடிதம் எழுதவும் விட்டிருக்கும் வாராந்தர ஓய்வு நாள் என்பதால் எழுதுகிறேன்.

என்னோடு சேர்த்துவிட்டிருப்பவன் வெளிதேசத்துக்காரன். ஆறேகால் அடி உயரம், தங்கமான பையன், ஆனால் தமிழைப் புத்தகத்தில் படித்தவன். கதவைத் தட்டி, "அம்மையீர், தங்கள் இல்லத்துள் நுழைய அனுமதி உண்டா?" என்று கேட்டால், கோர்ட்டிலிருந்து ஆள் வந்துவிட்டான் என்று நினைத்து உள்ளே தாழ்ப்பாள் போடுகிறார்கள். ஊரில் அவனுக்குச் 'செந்தமிழ்' என்றே பெயர் விழுந்துவிட்டது. எனக்கு 'வெந்நீர்'. எங்களுக்கு டீ, காபி கூடாது அல்லவா? சைக்கிள் கடைக்காரர் ஆசையாக நீட்டிய டீயை நான் மறுத்ததும், "ஏன், எங்க கிளாஸ்ல குடிச்சா ஆகாதா?" என்று அவர் முகம் சுருங்கிவிட்டது. பதறிப்போய், "அதே கிளாஸ்ல வெந்நீர் குடுங்கண்ணே" என்று வாங்கி, நாக்கு வெந்துபோக ஒரே மூச்சில் குடித்தேன். அன்றிலிருந்து போகிற இடமெல்லாம் வெந்நீர்தான். சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் சபை தந்த 'மூப்பர்' பட்டத்தைப் பார்த்து ஒரு பென்ஷன்காரர், "பத்தொம்போது வயசுல நீ மூப்பரா? அப்ப நான் யாரு, முப்பாட்டனா?" என்றார். இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன் மாமா. தாங்க முடியாதது தையல்காரர் வீட்டு விஷயம்.

ஐந்து மாதத்தில் எங்களை உட்காரவைத்துப் பேசவிட்டது அந்த ஒரு வீடுதான். மூன்றாவது மாடி. முன்னறை முழுக்க மெஷினும் துணி மூட்டையும். அவர் தைத்துக்கொண்டே "ம்" கொட்டுவார். அவர் மனைவி, ஆஸ்பத்திரியில் நர்ஸ், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கவனமாகக் கேட்பார். குடும்ப பந்தம் சாவோடு முடிவதில்லை என்பது எங்கள் நம்பிக்கை. அதைத்தான் போன மூன்று நாளும் சொன்னோம். மூன்றாம் நாள் அந்த அக்கா, "அப்ப செத்த பிறகும் இவரோடதானா?" என்று கேட்டார். நான் பூரித்துப்போய், "ஆமாக்கா, நித்திய காலத்துக்கும்!" என்றேன். அவர் முகம் வெளிறிவிட்டது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை அந்த அக்கா எங்களைக் கூப்பிட்டு, "தம்பிங்களா, ஒரு பீரோ இறக்கணும், கை குடுப்பீங்களா?" என்றார். உதவி என்று கேட்டால் மறுக்காதே என்பது எங்களுக்குப் பாலபாடம். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினோம். அது இரும்பு பீரோ. கதவில் ஆளுயரக் கண்ணாடி. செந்தமிழ் மேலே, நான் கீழே. இரண்டாம் மாடித் திருப்பத்தில் பீரோ சிக்கிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. மேல்மாடிக்காரர்கள் இறங்க வழியில்லாமல் வரிசையாக நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து, நூல் வாங்கப் போயிருந்த தையல்காரர் கீழேயிருந்து ஏறி வந்தார்.

"எங்க பீரோ எங்க போகுது?" என்றார்.

பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "என் பீரோ. என் சம்பளத்துல வாங்கினது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல வீடு பாத்துட்டேன். நான் போறேன்."

மாமா, அந்த வினாடிதான் எனக்கு விஷயமே புரிந்தது! குடும்பத்தை நித்தியமாக்க வந்தவன், அதைப் பிரித்துத் தோளில் சுமந்துகொண்டு நிற்கிறேன். பீரோ மறைத்ததில் தையல்காரருக்கு மனைவி தெரியவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தே சண்டை போட்டார். "சொல்லாம கொள்ளாம இது என்ன வேலை?"

"எத்தன தடவ சொன்னேன்? மெஷின் சத்தத்துல உங்களுக்கு எது காதுல விழுது? என் கோட்டுக்குப் பட்டன் வெக்க ஆறு மாசமா நேரம் இல்ல. ஊருக்கே தைக்கிறீங்க, நான் ஊக்கு குத்திட்டு வேலைக்குப் போறேன்."

செந்தமிழ் மேலேயிருந்து எட்டிப்பார்த்து, "ஐயா, தங்கள் துணைவியார் மிகுந்த மனவருத்தத்தில் உள்ளார்" என்றான். "யாருப்பா இவன், நியூஸ் வாசிக்கிறான்?" என்றார் அவர். வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த அக்கா சிரிக்கவில்லை.

பிறகு தையல்காரர் நூல் பையைப் படியில் வைத்தார். "சுவத்துப் பக்கம் சாய்ச்சுப் பிடி தம்பி. நான்தான ஏத்துனேன், எனக்குத் தெரியும்" என்று என் பக்கத்தில் தோள் கொடுத்தார். பெண்டாட்டி கொண்டுபோகும் பீரோவை அவரே இறக்கிவைத்தார், மாமா. வண்டியில் ஏற்றியதும், "கண்ணாடி பத்திரம்" என்று அவர் சொன்னது ஓட்டுநரிடமா அந்த அக்காவிடமா தெரியவில்லை. பிறகு முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாராந்தர அறிக்கையில் 'சந்தித்த குடும்பங்கள்' என்ற கட்டத்தில் 'மைனஸ் ஒன்று' என்று எழுதினேன். சபையில் எங்களுக்கு மேலதிகாரியாக இருப்பவர் போன் செய்து, "இது என்ன கணக்கு?" என்றார். நான் அழுதேன், செந்தமிழ் என்னிடமிருந்து போனை வாங்கி, "இவர் துயருற்றுள்ளார்" என்று விளக்கினான். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை மாமா. வெள்ளிக்கிழமை ரயிலில் கிளம்பி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். அம்மாவிடம் எனக்கு மஞ்சள்காமாலை என்று சொல்லுங்கள். பொய் சொல்ல எனக்குத்தான் தடை, உங்களுக்கு இல்லை.

அத்தைக்கு என் அன்பும், வீட்டில் எல்லோருக்கும் கடவுளின் துணையும் உண்டாகுக.

உங்கள் மருமகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தையல்காரர் வந்துவிட்டார், தோளில் கயிறோடு. மெஷினை இன்றும், வெட்டுமேஜையையும் இரண்டு பெஞ்சையும் சனிக்கிழமையும் இறக்க வேண்டுமாம். "நானும் அங்கயே போறேன். நேத்து கேட்டேன். அவ வான்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல" என்கிறார். ஆகவே என்னை அழைத்துப்போக வர வேண்டாம். வர ஆசை இருந்தால் தாராளமாக வாருங்கள். வெட்டுமேஜைக்கு ஓர் ஆள் குறைகிறது.