மூக்குக்குக் கிடைத்த விடுதலை

மனித குலம் இதுவரை பெற்ற விடுதலைகளிலேயே பெரியது, மூக்கு கண்ணாடியிடமிருந்து பெறுகிற விடுதலைதான். லேசர், பத்தே நிமிஷம், வலி கிடையாது. இப்படியொரு சேவையை வலிய வந்து செய்கிறார்கள் என்றால், அதையும் சந்தேகப்படுகிறவன் மனுஷனா?

செல்போன் ரிப்பேர்காரர் சந்தேகப்பட்டார். வயது ஐம்பத்திரண்டு. தூரத்தில் வருவது பஸ்ஸா லாரியா என்று தெரியத்தான் அவருக்குக் கண்ணாடி வேண்டும். வேலைக்கு உட்கார்ந்தால் கழற்றி வைத்துவிடுவார். கடுகைவிடச் சின்ன ஸ்க்ரூவை வெறுங்கண்ணால் பார்த்து எடுப்பார். நாலு பேர் சாப்பாடு அந்தக் கண்ணில்தான்.

ஆனால் அவருடைய மச்சினன், நாற்பத்தாறு வயதுக்காரன், ஓர் ஆஸ்பத்திரியில் 'பார்வை ஆலோசகர்'. விடுவானா?

"அத்தான், இந்த சோடாபுட்டியோட நீங்க நின்னா அக்காவுக்கு அப்பா மாதிரி இருக்கு."

"ஆபரேஷன் பண்ணா எல்லாம் தெரியுமா?"

"எதிர் மாடியில காக்கா கண் சிமிட்டுறதுகூடத் தெரியும்!"

"காக்கா எங்கிட்ட போன் ரிப்பேருக்கு வராது மாப்ளே. கிட்டத்துல தெரியுமா?"

"எப்பப் பாரு குதர்க்கம்!"

அந்த 'அப்பா மாதிரி'யை மனைவி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் என்ன, மறுவாரமே பச்சை அங்கியும் தலையில் குல்லாவுமாக லேசர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா கண்ணாடியை வாங்கிப் பையில் போட்டுவிட்டு, நாலு பக்க சம்மதப் பத்திரத்தை நீட்டினார்.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

"சும்மா போடுங்க அத்தான். ஆறாயிரம் பேர் போட்டிருக்காங்க, ஒருத்தர்கூடப் படிச்சதில்ல" என்றான் மச்சினன், பெருமையாக.

ரிப்பேர்காரர் தாளை மூக்கருகே கொண்டுபோனார். மூன்றாம் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி. உரக்கப் படித்தார்: "நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குச் சிகிச்சைக்குப் பின் கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படும்."

"அப்படியெல்லாம் இருக்காதே!" மச்சினன் தாளைப் பிடுங்கினான். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தான். இன்னும் நீட்டினான். கை போதவில்லை. நர்ஸம்மா வாங்கி விளக்கடியில் பிடித்தார். அவருடைய படிக்கிற கண்ணாடி வீட்டில் இருந்தது. உள்ளேயிருந்து வந்த டாக்டர் தாளை முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு, "யாருங்க இவ்வளவு பொடி எழுத்துல அடிச்சது?" என்று கோபப்பட்டார்.

"நீங்கதான்" என்றார் ரிப்பேர்காரர். குல்லாவைக் கழற்றி மச்சினன் தலையில் வைத்துவிட்டு, பையிலிருந்த கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

பார்வை கொடுப்பதற்கென்றே கட்டிய அந்த மாளிகையில், அவர்கள் எழுதியதைப் படிக்கக்கூடிய கண் அன்றைக்கு ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அதைத்தான் கோளாறு என்று சொல்லிப் படுக்க வைக்கப் பார்த்தார்கள்.