பிரெஞ்சில் திட்டிய கடிதம்

மார்க்குக்காகப் படித்த எதையும் தெரியும் என்று வெளியே சொல்லிக்கொள்ளக் கூடாது. நான் சொல்லிக்கொண்டேன். பலனை என் அத்தா அனுபவித்தார்.

எழுபதுகளின் பின்பாதி. மட்டாஞ்சேரியிலிருந்து தினமும் படகேறி எறணாகுளம் போய் பி.ஏ. படித்தேன். வீட்டில் பேசுவது ராவுத்தர் தமிழ்; அப்பா அதில் அத்தா. அப்போது அதை எழுத வராது. மலையாளம் எழுத வரும், ஆனால் கல்லூரி மலையாளத்தில் பழைய செய்யுளாக வைத்துக் கொல்வார்கள். பிரெஞ்சு எடுத்தால் எழுபதுக்குக் குறையாது என்று ஒருத்தி சொன்னாள். எடுத்தேன். 'என் பசு', 'என் பண்ணை வீடு' என்று கட்டுரைகளை மனப்பாடம் செய்து (என்னிடம் இரண்டும் கிடையாது) எழுபத்தெட்டு வாங்கினேன்.

அத்தா வேலை பார்த்த மிளகுக் கம்பெனியிலேயே டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முன்பக்கம் ஆபீஸ், பின்பக்கம் கிடங்கு. அத்தா சாம்பிள் எடுப்பவர். குத்தூசியால் மூட்டையைக் குத்தி, விழுகிற மிளகை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துத் தரம் சொல்வார். அவர் சொன்னதை அந்தத் தெருவில் யாரும் மறுபடி சோதித்துப் பார்த்ததில்லை.

ஒரு வருடம், பிரான்சின் மார்செய் நகரத்தில் இருந்த, எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனி தன் இன்ஸ்பெக்டரை அனுப்பியது. 'மொஸ்யே' என்று கூப்பிடச் சொன்னார். கிடங்கில் அது இரண்டே நாளில் மூசா ஆகிவிட்டது. மூன்றாம் நாள் அத்தா நீட்டிய சாம்பிளைக் கையில் வாங்கிய மூசா, நல்ல மிளகை மேலே வைத்து ஏய்க்கிறான் இவன் என்று ஆங்கிலத்தில் கத்தி, அந்தக் கைப்பிடி மிளகை அவர் முகத்தில் வீசினார். மிளகு புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அத்தா கண்ணைத் துடைத்தார். பிறகு குனிந்து, சிதறிய மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

முதலாளி சேட்டு அப்போது மூட்டைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல் கிளம்பிய மறுநாள் அவருக்குக் கோபம் வந்தது. (வியாபாரிக்குக் கோபமும் சரக்கு ஏறிய பிறகுதான்.) மார்செயில் இருக்கும் பெரிய முதலாளிக்குப் புகார் எழுத வேண்டும் என்றார். ஒரு சிக்கல். அந்தப் பெரிய முதலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. நம்முடைய ஆங்கிலக் கடிதங்களை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்பவரே மூசாதான்.

"எனக்குப் பிரெஞ்சு தெரியும் சேட்" என்றேன்.

சேட்டு ஆங்கிலத்தில் மூன்று வரி சொன்னார். உங்கள் இன்ஸ்பெக்டர் வந்து போனதற்கு வருந்துகிறோம். அவர் முரட்டுத்தனமான, குரோதம் பிடித்த ஆள். அவர் போனபோது எங்களுக்கு மிஞ்சியது ஏமாற்று மட்டும்தான். இவ்வளவே.

என் பசுவைப் பற்றிய கட்டுரையில் வசைச் சொல் எதுவும் இருக்கவில்லை. ஆனால் ஆங்கிலமும் பிரெஞ்சும் அக்காள் தங்கை என்று லெக்சரர் சொல்லியிருந்தார். அந்த உறவை நம்பி இறங்கினேன். ரிக்ரெட்டுக்கு ரெக்ரெத்தே. மலிஷியஸுக்கு மலிஸ்யூ. டிசெப்ஷனுக்கு தெசெப்சியோன். ரூடு என்ற சொல்லுக்கு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கல்லூரி நூலகத்தில் தலையணை போல ஒரு அகராதி உண்டு. போய்ப் பார்த்துவர அரை நாள் போதும். அகராதி பார்ப்பது தெரியாதவர்கள் செய்கிற வேலை என்று நினைத்தேன். இருபத்திரண்டு வயது.

தபாலில் போடும் முன் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். மூக்காலும் தொண்டையாலும் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நல்லா காரமா இருக்கா மைமூனு?"

"எரியும் அத்தா."

"அந்த மலிசுன்னு ஒண்ணு சொன்னியே, அத இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன். அன்றைக்கு இரண்டு அரிசிப் பத்திரி கூடுதலாகச் சாப்பிட்டார்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. இரண்டே வரி, பிரெஞ்சில். முதல் வரியில் 'ரவி' என்றொரு சொல். எனக்குத் தெரிந்த ரவி கலூரில் சைக்கிள் கடை வைத்திருந்தான். ஆங்கிலத்து 'ராவேஜ்' ஞாபகம் வந்தது; சூறையாடுவது. ஆகவே 'உங்கள் கடிதம் கண்டு நிலைகுலைந்து போனோம்' என்று எழுதிக்கொண்டேன். இரண்டாவது வரி சுலபம்: 'எங்கள் இன்ஸ்பெக்டருக்குத் தகுதியானது இனி அவருக்குக் கிடைக்கும்.' இதைச் சரியாகவே மொழிபெயர்த்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சேட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தா தன் செலவில் கிடங்கு முழுவதற்கும் சாயா வாங்கிக் கொடுத்தார். முறத்தைக் கீழே வைத்து வேடிக்கை பார்த்த அத்தனை பேருக்கும்.

அடுத்த சீசன் தொடங்கியதும் மூசா வந்து இறங்கினார். புதுக் கோட்டு, கையில் ஒரு பிஸ்கட் டின். நேராக என் மேஜைக்கு வந்து டின்னை வைத்தார். நம் கடிதத்தால்தான் கொச்சி முழுவதற்கும் தன்னைத் தலைமை ஆளாகப் போட்டார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் வாசித்தார்.

'உங்கள் இன்ஸ்பெக்டர் வந்து போன நாட்களை நினைத்து ஏங்குகிறோம். கறாரான மனிதர், குறும்புக்காரர். அவர் போனபோது எங்களுக்கு மிஞ்சியது ஏமாற்றம் மட்டும்தான்.'

ஏமாற்றுக்கும் ஏமாற்றத்துக்கும் நம் மொழியில் ஒன்றிரண்டு எழுத்துதான் வித்தியாசம். ஆங்கிலத்து ஏமாற்றுக்கும் பிரெஞ்சு ஏமாற்றத்துக்கும் அந்த உபகாரம்கூட இல்லை. 'ரவி' என்றால் பரம சந்தோஷம் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

சேட்டு என்னைப் பார்த்தார். மேஜையில் புது ஆர்டர் கிடந்தது, போன வருடத்தைப் போல இரண்டு மடங்கு. "மைமூன், ஒண்ணும் பறயண்டா" என்று மலையாளத்தில் மெதுவாகச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டு மூசாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சத்தம் கேட்டு அத்தா கிடங்கு வாசலுக்கு வந்திருந்தார். "என்னவாம்?" என்று கேட்டார்.

என் மூன்றாவது மொழிபெயர்ப்பைச் செய்தேன். "மன்னிப்புக் கேக்கிறாரு அத்தா."

அத்தா மூசாவிடம் போய், இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரமில்ல, சாரமில்ல" என்றார். போனது போகட்டும் என்று. மூசாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தோளில் தட்டிக் கொடுத்தார். பின்னால் ஆபீஸ்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

அந்தச் சிரிப்பு அன்று சாயங்காலத்துக்குள் அத்தாவை எட்டிவிட்டது. வீட்டுக்கு வந்தவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று சீசன் மூசாவுக்குச் சாம்பிள் எடுத்துக் கொடுத்தார். அவர் எடுத்த ஒவ்வொன்றையும் மூசா மறுபடி குத்திப் பார்த்தார்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாரையாவது அளவுக்கு மீறிப் புகழ்ந்தால், 'பிரெஞ்சில் திட்டுகிறாயா?' என்பார்கள். என் தம்பி எந்தக் கல்யாண வீட்டிலும் இந்தக் கதையை விடுவதில்லை. மூசாவைப் போல நடந்து, பிஸ்கட் டின்னை நீட்டி, மன்னிப்புக் கட்டத்தில் அத்தாவைப் போலவே 'சாரமில்ல' சொல்லிக் காட்டுவான். அத்தாவும் இருந்தவரைக்கும் உட்கார்ந்து கேட்டுச் சிரிப்பார்.

ஒரே ஒரு முறை, அவருடைய கடைசி வருடங்களில், தம்பி பிஸ்கட் டின் வரைக்கும் வந்திருந்தபோது அத்தா என் பக்கம் சாய்ந்தார்.

"நீ நெசமாவே அவனத் திட்டத்தான் எழுதினியா மைமூனு? இல்ல, வேல போயிரும்னு பேடிச்சு கொறச்சு எழுதினியா?"

அத்தனை வருடமும் அதைக் கேட்காமல் வைத்திருந்திருக்கிறார்.

"திட்டத்தான் அத்தா. சத்தியமா."

"மதி" என்றார். அது போதும் என்று. அதற்குள் தம்பி 'சாரமில்ல'வுக்கு வந்துவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.